பூஞ்சையா பாக்டீரியாவா: நொதிக்கும் பசைக்கும் எதை எடுப்பது?

நொதி வாங்கப் போகிறவர், நொதித்தல் திட்டம் போடுகிறவர், கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட் செய்கிறவர், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பூஞ்சையிலிருந்து வந்ததை எடுப்பதா, பாக்டீரியாவிலிருந்து வந்ததை எடுப்பதா? கேட்கும்போதே பாதிப்பேர் மனதில் விடையும் இருக்கும். பாக்டீரியா என்றால் நோய், பூஞ்சை என்றால் காளான், ஆகவே பூஞ்சைதான் பத்திரம் என்பார்கள் சிலர். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும், பூஞ்சை ஆற அமரத்தான் வளரும், ஆகவே பாக்டீரியாதான் லாபம் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அரைகுறை.

என்னைக் கேட்டால் கேள்வியையே திருப்பிப் போடச் சொல்வேன். உங்கள் பொருள் எந்தச் சூட்டில், எவ்வளவு புளிப்பில், எத்தனை நேரம் வேலை செய்ய வேண்டும்? வேலை முடிந்ததும் அது செயலிழந்துவிட வேண்டுமா, இல்லை அப்படியே இருக்கலாமா? நீங்களே தயாரிப்பதாக இருந்தால், அதை நுண்ணுயிர் வளர்ந்த குழம்பிலிருந்து பிரித்தெடுக்கப் போவது எப்படி? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிட்டால் பெரும்பாலும் உயிரி தானாகவே முடிவாகிவிடும். எழுதாமல் உயிரியிலிருந்து தொடங்கினால் கடைசியில் அமிலம், காரம், நீராவி என்று அந்த நொதிக்குச் சேவகம் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஒரே ஆலையில் இரண்டும்

மாவுச்சத்தைச் சர்க்கரைப் பாகாக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மாவுக் கரைசலில் நீராவியை அடித்து 105 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் அது வெந்து கெட்டிக் கூழாகிவிடும். அந்தச் சூட்டிலேயே அதை வெட்டி நீர்க்கச் செய்ய ஓர் ஆல்ஃபா அமைலேஸ் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் அமைலேஸ் 50, 55 டிகிரியில் அருமையாக ஓடும், ஆனால் 105-ல் அது வெறும் வெந்த புரதம். பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் அமைலேஸ் அங்கேயும் தாக்குப்பிடிக்கும், கொஞ்சம் கால்சியமும் 6-ஐ ஒட்டிய பி.எச்.சும் (புளிப்பின் அளவுகோல், எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) கிடைத்தால் போதும்.

சரி, பாக்டீரியா ஜெயித்துவிட்டது என்று எழுந்துபோக முடியாது. அடுத்த கட்டம் அந்தத் துண்டுகளை முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துக் குளுக்கோஸாக்குவது, அதைச் செய்கிற குளுக்கோ அமைலேஸ் பூஞ்சையின் சரக்கு, முக்கியமாக ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். அதற்காகப் பாகை 60 டிகிரிக்கு ஆற்றி, அமிலம் விட்டு பி.எச்.சை 4.5-க்குக் கீழிறக்கி, ஒன்றிரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். கிளை முடிச்சுகளை அவிழ்க்கக் கூடவே புல்லுலனேஸ் போடுவார்கள், அது மறுபடியும் பாக்டீரியா. அப்புறம் குளுக்கோஸை ஃப்ரக்டோஸாக்க வேண்டுமென்றால் பி.எச். 7.5 பக்கம் ஏற வேண்டும், ஐசோமெரேஸ் நொதியை ஒரு தாங்கியில் பிணைத்து நிரப்பிய கோபுரத்தின் வழியாகப் பாகை ஓடவிட வேண்டும், அந்த நொதி ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்களிலிருந்து வருவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் அமைலேஸைத் தாங்கிப்பிடித்த கால்சியம் கடைசி ஐசோமெரேஸுக்கு எதிரி. அதற்கு வேண்டியது மக்னீசியம். நடுவில் கால்சியத்தை வடித்தெடுக்காமல் விட்டால் விலை கொடுத்து நிரப்பிய கோபுரம் சோம்பிப்போகும்.

பூஞ்சை நொதிக்கும் பாக்டீரியா நொதிக்கும் இடையில் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் அமிலமும் காரமும் செலவாகின்றன, அவை கலந்து உண்டான உப்பை நீக்கவும் செலவாகிறது. அதனால் ஒரு நொதியைத் தனியாகப் பார்த்து முடிவு செய்வதில் அர்த்தமில்லை, பக்கத்து வீட்டு நொதியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சூடு தாங்குவது எப்போதும் நல்லதில்லை

விற்பவர்கள் "எங்கள் நொதி இத்தனை டிகிரி தாங்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ரொட்டி சுடுகிறவருக்கு அது பெருமையே இல்லை. மாவில் பூஞ்சை அமைலேஸ் கொஞ்சம் சேர்த்தால் ஈஸ்டுக்குச் சர்க்கரை கிடைக்கும், ரொட்டி நன்றாக எழும்பும், அடுப்பில் மாவுச்சத்து வெந்து இளகும் நேரத்தில் அந்த நொதி ஏறக்குறையச் செத்துவிடும். அதே இடத்தில் சூடு தாங்கும் பாக்டீரியா ஆல்ஃபா அமைலேஸைப் போட்டால் அது வெந்த மாவுச்சத்தையும் விடாமல் வெட்டிக்கொண்டே போகும், ரொட்டி உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். ஆகவே ரொட்டிக்குப் பூஞ்சை என்று குறித்துக்கொள்ளலாமா? அதுவும் முழுசாகச் சரியில்லை. ரொட்டி நாலைந்து நாள் மென்மையாக இருக்க வேண்டுமென்றால் இன்று எல்லோரும் எடுப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் மால்ட்டோஜெனிக் அமைலேஸ். அது நடுவில் அதிகம் வெட்டாமல் பெரும்பாலும் முனைகளையே நறுக்குகிறது, அதனால் மாவுச்சத்து மறுபடி இறுகுவது தள்ளிப்போகிறது, பிசுபிசுப்பும் வருவதில்லை. பூஞ்சை, பாக்டீரியா என்ற பெயரைவிட, எங்கே வெட்டுகிறது, எப்போது சாகிறது என்பதுதான் இங்கே தீர்மானித்தது.

பாலைத் திரிக்கும் ரென்னெட்டிலும் இதே கதை. ரைசோமியூகார் மீஹெய் என்ற பூஞ்சையின் நொதி பாலை நன்றாகத் திரிக்கும், கன்றுக்குட்டியின் வயிறு தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் அது காப்பா கேசீன் என்ற பால் புரதத்தில் வெட்ட வேண்டிய ஒரே இடத்தோடு நிற்பதில்லை, மற்ற புரதங்களிலும் கை வைக்கும். சில வாரங்களில் சாப்பிட்டு முடிக்கிற சீஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் பழுக்க வைக்கும் கெட்டி சீஸில் கசப்பு தலைகாட்டும், கொஞ்சம் புரதம் மோரோடு போவதால் சீஸின் எடையும் குறையும். போதாததற்கு அந்த நொதியின் இயல்பான வடிவம் சூட்டுக்கு அசையாதது, மோரைப் பொடியாக்கி விற்கிறவர்களுக்கு அதில் மிச்சமிருக்கும் நொதி தலைவலி. அதற்காகவே ஹைட்ரஜன் பெராக்சைடால் அதைக் கொஞ்சம் பலவீனப்படுத்திய வகை விற்கிறார்கள். வலிமையைக் குறைப்பதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது கேட்க விசித்திரம்தான்.

இதற்கு மாற்று, கன்றின் வயிற்றில் பாலைத் திரிக்கும் நொதியான கைமோசினின் மரபணுவையே நுண்ணுயிருக்குள் வைத்து நொதித்து எடுப்பது. 1990-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் கைமோசின் ஈ.கோலையில் விளைந்தது. பிறகு ஆஸ்பெர்ஜில்லஸிலும் க்ளூவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்டிலும் விளைவித்தார்கள். நீண்ட நாள் பழுக்கும் சீஸ் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். மரபணு மாற்றம் வேண்டாம் என்பது உங்கள் கொள்கையாகவோ வாங்குகிறவரின் நிபந்தனையாகவோ இருந்தால் மீஹெய்தான் வழி, அதற்கேற்ற சீஸைச் செய்யுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "பூஞ்சையில் விளைந்தது" என்பதும் "பூஞ்சையின் நொதி" என்பதும் ஒன்றல்ல. கைமோசின் மாட்டுடையது, விளைவது ஆஸ்பெர்ஜில்லஸில். சலவைத் தூளில் எண்ணெய்க் கறை எடுக்க 1988-ல் வந்த லைப்பேஸ் தெர்மோமைசிஸ் லானுஜினோசஸ் என்ற பூஞ்சையுடையது, ஆனால் அதை விளைவித்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. நொதியின் குணம் பெரும்பாலும் மரபணுவின் சொந்தக்காரரைப் பொறுத்தது, விலையும் சுத்தமும் அதை விளைவிக்கும் உயிரியைப் பொறுத்தவை. விவரத்தாளில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் படியுங்கள்.

புளிப்பும் காரமும்

மோட்டாவாக ஒரு விதி சொல்லலாம்: பூஞ்சை நொதிகள் புளிப்புப் பக்கம், பேசில்லஸ் நொதிகள் நடுநிலையும் காரமும். விதிவிலக்கு ஏராளம், ஆனாலும் முதல் வடிகட்டலுக்கு இது உதவும். பழச்சாற்றைத் தெளியவைக்க பழத்திலுள்ள பெக்டின் என்ற பசையை வெட்டும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் பெக்டினேஸ்தான், ஏனென்றால் சாறு தானாகவே பி.எச். 3.5, 4 என்றுதான் இருக்கும். பருத்தி நூலிலிருந்து பெக்டினைக் கழற்ற வேண்டுமா, அங்கே கொப்பரை காரமாக இருக்கும், பேசில்லஸின் பெக்டேட் லயேஸ் எடுங்கள். காகிதக் கூழை வெளுக்கும் முன் போடும் சைலனேஸும் (மரத்திலுள்ள சைலன் என்ற சத்தை வெட்டும் நொதி) அப்படியே. கூழ் சூடாகவும் காரமாகவும் வருகிறது, பூஞ்சை சைலனேஸுக்காக அதற்கு அமிலம் ஊற்ற வேண்டியிருக்கும். அதைவிட, ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சையின் சரக்கில் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸும் கலந்திருந்தால் நாரையே தின்றுவிடும். காகிதக்காரருக்கு அதைவிடக் கெட்ட செய்தி வேண்டாம்.

அந்த ட்ரைக்கோடெர்மாவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் மக்கிப் போயின, மக்கவைத்தது எது என்று தேடிப் பிடித்த பூஞ்சைதான் பின்னால் அந்த ஆராய்ச்சியை நடத்திய எல்வின் ரீஸின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசெய் ஆனது. இன்று தொழிற்சாலை ரகங்கள் ஒரு லிட்டர் குழம்பில் 100 கிராமுக்கும் மேல் புரதத்தை வெளியே துப்புகின்றன. செல்லுலோஸை முழுசாகக் குளுக்கோஸாக்க வேண்டும், அதுவும் மலிவாக என்றால் இதற்குப் பக்கத்தில் நிற்க ஒரு பாக்டீரியாவும் இல்லை. ஆனால் டெனிம் துணியை வெளிறச் செய்யும் பட்டறையில் இதே நொதி சிக்கல். பி.எச். 5-ல் அது துணியை வேகமாகத் தேய்க்கும், உதிர்ந்த நீலச் சாயம் திரும்பவும் வெள்ளை நூலில் போய் ஒட்டும், துணியின் பலமும் குறையும். ஹியூமிகோலா இன்சோலென்ஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் செல்லுலேஸ் பி.எச். 6, 7-ல் நிதானமாக வேலை செய்யும், சாயம் ஒட்டுவது குறைவு, நேரம்தான் அதிகம். பாருங்கள், இங்கே போட்டி பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இடையில்கூட இல்லை, பூஞ்சைக்கும் பூஞ்சைக்கும்.

கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்கும் ஃபைட்டேஸ் விஷயத்தில் நான் பாக்டீரியா பக்கம். தானியத்திலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக்கிடக்கிறது, அதைத் திறக்க 1991-ல் முதலில் சந்தைக்கு வந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் ஃபைட்டேஸ். ஆனால் வேலை நடக்க வேண்டிய இடம் இரைப்பை, பி.எச். 3 சுற்றுவட்டாரம், கூடவே புரதத்தைச் செரிக்கும் பெப்சின். ஈ.கோலையின் ஃபைட்டேஸ் அந்தப் புளிப்பில் வேகமாக ஓடுகிறது, பெப்சினுக்கும் அவ்வளவு சுலபத்தில் பலியாவதில்லை. குடலில் வாழ்கிற பாக்டீரியாவின் நொதி குடலுக்குப் பழகியிருப்பதில் என்ன ஆச்சரியம்!

ஒரே பெயர், இரண்டு உலகம் என்பதற்கு ஆஸ்பராஜினேஸ் நல்ல உதாரணம். ஈ.கோலையிலிருந்தும் எர்வினியா என்ற பாக்டீரியாவிலிருந்தும் எடுப்பது ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. ரத்தத்தில் மிகக் குறைவாக உள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தையும் துடைத்தெடுக்கும் பிடிப்பு அதற்கு வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸிலிருந்து எடுப்பது வறுத்த, சுட்ட பண்டங்களில் அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் உண்டாவதைக் குறைக்க மாவில் கலப்பது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் பேசும் புராஜெக்ட் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தியும் இருக்கிறேன்.

பசைகள், களிகள்

உயிரிப் பாலிமர்களுக்கு, அதாவது உயிர்கள் உண்டாக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு வருவோம். கெட்டிப்படுத்த ஏதாவது வேண்டும், வேறு விசேஷத் தேவை எதுவும் இல்லை என்றால் சாந்தன் கம் எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் ஸான்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா தன்னைச் சுற்றி உருவாக்கும் வழவழப்புதான் அது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் அலீன் ஜீன்ஸும் குழுவினரும் கண்டெடுத்தார்கள், 1969-ல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. உப்பு, புளிப்பு, சூடு எதற்கும் பெரிதாக அசையாது. அசையாமல் இருக்கும்போது கெட்டியாக இருக்கும், கலக்கினாலோ குப்பியைச் சாய்த்தாலோ நீர்த்து ஓடும், விட்டால் மறுபடி கெட்டியாகும். நூறு பங்கில் கால் பங்கு, அரைப் பங்கு போட்டாலே போதும்.

குறையும் உண்டு. தண்ணீரில் நேரடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகும், உள்ளே உலர்ந்த மாவோடு மீன்கண் போல உருண்டைகள், எவ்வளவு கலக்கினாலும் போகாது. முதலில் சர்க்கரையோடோ எண்ணெயோடோ பிசறிவிட்டுத் தூவுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சாந்தனில் சிலசமயம் அந்தப் பாக்டீரியாவின் செல்லுலேஸ் துளி ஒட்டிக்கொண்டு வரும், சாந்தனை அது ஒன்றும் செய்யாது, ஆனால் கூடவே கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் (செல்லுலோஸிலிருந்து செய்யும் இன்னொரு கெட்டிப்பொருள்) கலந்திருந்தால் அதை நாளாக நாளாகத் தின்று, கலவை நீர்த்துப்போகும். யார் மீதோ பழி போட்டுவிட்டுக் காரணம் புரியாமல் உட்கார்ந்திருப்போம்.

சாந்தனுக்குப் போட்டியாகப் பூஞ்சைப் பக்கத்திலிருந்து ஸ்கிளீரோகுளூக்கான் இருக்கிறது. ஸ்கிளீரோஷியம் ரோல்ஃப்சியையும் அதன் உறவுகளையும் வளர்த்து எடுப்பது, சூட்டையும் உப்பையும் சாந்தனைவிட நன்றாகத் தாங்கும், எண்ணெய்க் கிணறுகளில் அதற்கு மரியாதை. சாதாரணத் தேவைக்கு அது அதிகப்படி.

களி வேண்டுமென்றால் சாந்தன் தனியாகக் களியாகாது என்பதை முதலில் நினைவில் வையுங்கள், லோகஸ்ட் பீன் கம் என்ற விதைப் பசை போன்றவற்றோடு சேர்ந்தால்தான் நெகிழ்வான களி தரும். இங்கே எடுக்க வேண்டியது ஜெல்லன் அல்லது கர்ட்லான், இரண்டுமே பாக்டீரியா. ஜெல்லன் ஸ்ஃபிங்கோமோனாஸ் எலோடியாவிலிருந்து வருகிறது. அசைல் தொகுதிகள் (மூலக்கூறில் ஒட்டியிருக்கும் சிறு கிளைகள்) கழற்றாத வகை மெத்தென்று இழுபடும், கழற்றிய வகை கண்ணாடி போல் தெளிவாக, கெட்டியாக, படக்கென்று உடையும். திசு வளர்ப்பு ஆய்வகங்களில் அகாருக்குப் பதிலாக இந்த இரண்டாம் வகை. அகார் போடும் அளவில் கால் பங்கு போதும், தெளிவாக இருப்பதால் கிருமி புகுந்தால் உடனே தெரியும். ஆனால் அது கால்சியம், மக்னீசியம் அயனிகளை நம்பி நிற்கும் களி, ஊடகத்தில் அவை குறைந்தால் இறுகாது. சில செடிகள் அதில் நீர்கோத்துக் கண்ணாடி போல் ஆகிவிடும். அந்தச் செடிகளுக்கு அகாரையே தொடருங்கள், அல்லது பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். கர்ட்லானின் கதை தலைகீழ். மற்றவை ஆறும்போது இறுகும், இது சூடேறும்போது இறுகும். 60 டிகிரி வரை போனால் கிடைக்கும் களி திரும்பக் கரையும், 80-ஐத் தாண்டினால் திரும்பாது. சுட்டாலும் பொரித்தாலும் உருகக் கூடாத பொருள் செய்கிறீர்கள் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மெல்லிய ஏடு, வாயில் கரையும் பட்டை, விலங்குப் பொருள் இல்லாத மாத்திரைக் கூடு என்றால் பூஞ்சையின் புல்லுலான். ஆரியோபேசிடியம் புல்லுலான்ஸிலிருந்து ஜப்பானில் 1976 முதல் வணிக அளவில் எடுக்கிறார்கள். ஆக்ஸிஜனை உள்ளே விடாது, சுவை கிடையாது, தண்ணீரில் சட்டென்று கரையும். அந்தக் கடைசிக் குணமே அதன் குறையும், ஈரம் படும் இடத்தில் ஏடு நிற்காது. ஈரத்திலும் கிழியாமல் இருக்க வேண்டும், காயத்தின் மேல் போட வேண்டும் என்றால் கோமகட்டாய்பாக்டர் நெய்து தரும் பாக்டீரியா செல்லுலோஸைப் பாருங்கள். மரத்தில் இருப்பது போல லிக்னின் கலப்பில்லாத சுத்தமான செல்லுலோஸ் அது.

ஓடா, பூஞ்சையா?

கைட்டோசான் (ஓடுகளிலும் பூஞ்சைச் சுவரிலும் உள்ள கைட்டின் என்ற பாலிமரிலிருந்து செய்யும் பொருள்) வாங்குகிறவர்களுக்கு நுண்ணுயிரோடு மூன்றாவது போட்டியாளரும் உண்டு: இறால், நண்டு ஓடு. சந்தையில் பெரும்பாலானது ஓட்டிலிருந்துதான், விலையும் அதில்தான் குறைவு. ஆனால் வரலாறு பூஞ்சையில் தொடங்குகிறது. 1811-ல் ஆன்ரி பிராக்கோன்னோ கைட்டினை முதலில் பிரித்தது காளானிலிருந்து. ஓட்டில் சுண்ணாம்புச் சத்து நிறைய, அதை அமிலத்தில் கரைத்தெடுத்து, புரதத்தைக் காரத்தில் நீக்கி, கடைசியில் கைட்டினைக் கடும் காரத்தில் வேகவைத்துக் கைட்டோசானாக்க வேண்டும். பிடிபட்ட பருவம், இனம் எல்லாவற்றுக்கும் தக்கபடி சரக்கு மாறும். பூஞ்சையில் சுண்ணாம்புத் தொல்லை கிடையாது, ஃபெர்மென்டர் என்ற நொதித்தல் தொட்டியில் வளர்ப்பதால் ஒரு தொகுப்புக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் குறைவு, மியூகார், ரைசோப்பஸ் வகைகளின் செல் சுவரில் கைட்டோசானாகவே கொஞ்சம் இருக்கிறது. சிட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆலைகள் கழிவாகத் தள்ளும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் இழைகளே ஒரு மூலப்பொருள். கஷ்டம் என்னவென்றால் பூஞ்சைச் சுவரில் கைட்டின் பீட்டா குளூக்கான் என்ற இன்னொரு பாலிமரோடு பின்னிக் கிடக்கும், பிரிப்பது லேசில்லை, விளைச்சலும் குறைவு.

ஆகவே கழிவுநீரைத் தெளியவைக்கவும் வயலில் தெளிக்கவும் ஓட்டுக் கைட்டோசான். உடலுக்குள் போகிறது, ஓட்டுமீன் ஒவ்வாமை பற்றி வாங்குகிறவர் கேட்பார், அல்லது "விலங்குப் பொருள் இல்லை" என்று அட்டையில் எழுத வேண்டும் என்றால் பூஞ்சை. ஒயின் தெளியவைக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதித்திருப்பதும் பூஞ்சைக் கைட்டோசானைத்தான், அங்கே கேள்விக்கே இடமில்லை.

பிளாஸ்டிக் கனவு

"பாக்டீரியா பிளாஸ்டிக் செய்யலாமா?" என்று ஆசையோடு கேட்பவர்களைச் சோர்வடையச் செய்ய எனக்கு மனம் வராது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாக்டீரியா தனக்குள் சேர்க்கும் பிளாஸ்டிக்கான பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை (சுருக்கமாக பி.எச்.பி.) 1926-ல் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் விவரித்தார், பேசில்லஸ் மெகாடீரியத்தில். ஏறக்குறைய நூறாண்டு ஆகியும் இன்னும் அது பெட்ரோலியப் பிளாஸ்டிக்கின் விலைக்கு இறங்கவில்லை. குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற பாக்டீரியா தன் உலர் எடையில் 80 சதவீதம்வரை இதைச் சேர்த்துவைக்கும், கேட்கப் பிரமாதம். ஆனால் அது செல்லுக்கு உள்ளே இருக்கிறது. சாந்தனைப் போல வெளியே மிதப்பதில்லை. செல்லை உடைக்க வேண்டும், கரைப்பானோ காரமோ போட்டுப் பிரிக்க வேண்டும், காசு கரைவது அங்கேதான். பொருளும் சற்று முரடு. 175 டிகிரியை ஒட்டி உருகும், அதற்குக் கொஞ்சம் மேலே போனாலே சிதையத் தொடங்கும், அச்சில் வார்ப்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. தனியாக இருந்தால் நொறுங்கும், வேலரேட் கலந்த வகை கொஞ்சம் வளையும்.

இதற்கு மாற்றாகப் பேசப்படும் பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) விலை குறைவு, வார்க்கவும் சுலபம். அதில் நுண்ணுயிரின் பங்கு லாக்டிக் அமிலத்தோடு முடிந்துவிடும், மீதி வேதியியல். ஆனால் அது மக்க 60 டிகிரியை ஒட்டிய தொழில்முறை உரக்கிடங்கு வேண்டும், கடலில் விழுந்தால் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். பி.எச்.பி. மண்ணிலும் கடலிலும் மக்கும். எனவே பொருள் திரும்ப வரும், சேகரிக்க முடியும் என்றால் பி.எல்.ஏ., கைவிட்டுப் போய்விடும், எங்கே விழும் என்று தெரியாது என்றால் பி.எச்.பி. குடும்பம். பெட்டிக்குள் வைக்கும் மெத்தைக் கட்டி மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிட்டு, பயிர்க் கழிவில் பூஞ்சை இழைகளை வளர்த்து உலர்த்தும் முறையைப் பாருங்கள். பிரித்தெடுப்பு என்ற பேச்சே அதில் இல்லை, வளர்ந்த வடிவமே பொருள்.

நீங்களே வளர்க்கப் போகிறீர்களா?

வாங்குகிறவருக்கு மேலே சொன்னது போதும். வளர்க்கிறவருக்குக் கணக்கு வேறு. சாந்தன் குழம்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு பசை சேர்வதற்குள் அது கூழாகிவிடும், ஆக்ஸிஜன் உள்ளே போகாது, கலக்கும் மோட்டார் திணறும். அறுவடைக்கு ஐசோபுரொப்பனால், அதுவும் குழம்பைவிட அதிகக் கன அளவில், அதை வாலையில் வடித்து மீட்க வேண்டும், தீ பயம் வேறு. புல்லுலானில் குழம்பு இவ்வளவு கெட்டியாகாது, ஆனால் ஆரியோபேசிடியம் முதிர்ந்தால் கருநிற மெலனினை விடும், வெள்ளைப் பொடி வேண்டியவர் நிறமியில்லாத ரகத்தை எடுக்க வேண்டும் அல்லது கரியில் வடிக்க வேண்டும்.

நொதி வளர்ப்பில், வெளியே சுரக்கும் உயிரியாகப் பாருங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ், ட்ரைக்கோடெர்மா, பேசில்லஸ் மூன்றும் குழம்பிலேயே நொதியை விட்டுவிடும். ஈ.கோலை உள்ளேயே வைத்துக்கொள்ளும், பலசமயம் சுருண்ட கட்டியாக, உடலில் செலுத்தும் பொருளானால் அதன் செல் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நஞ்சை நீக்கும் செலவும் சேரும். பூஞ்சை இழைகளைத் துணி வடிகட்டியிலேயே பிடித்துவிடலாம், பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் சுழல் பிரிப்பான் வேண்டும். பாக்டீரியாவை ஒரே இரவில் காலி செய்யும் ஃபேஜ் வைரஸ்கள் பூஞ்சையைத் தொடாது. பதிலுக்குப் பூஞ்சையின் வித்துகள் அறை முழுக்கப் பரவும். தவிட்டிலேயே ஈரப்பதமாக வளர்க்கும் திடநிலை நொதித்தல் பூஞ்சைக்கு இயல்பாகவே பொருந்தும். ஜோகிச்சி தகாமினே 1894-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய டயஸ்டேஸ்கூட (மாவுச்சத்தை வெட்டும் நொதி) தவிட்டில் வளர்த்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயிலிருந்து வந்ததுதான். சின்ன முதலீட்டில் தொடங்குகிறவருக்கு நான் முதலில் காட்டுவது அந்த வழி.

ரகத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மண்ணிலிருந்து நீங்களே பிரித்த ஆஸ்பெர்ஜில்லஸ் எவ்வளவு நொதி தந்தாலும், நச்சுப் பரிசோதனை செய்யாமல் அதை உணவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரைசேயின் நெருங்கிய உறவினர் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைத் தரும் ஃப்ளேவஸ், நைஜரிலும் சில ரகங்கள் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சைத் தரும். ஆல்ஜினேட்டைக்கூட சூடோமோனாஸ் ஏரூஜினோசா தாராளமாகச் சுரக்கும், ஆனாலும் உலகம் அதைக் கடற்பாசியிலிருந்தே எடுக்கிறது. நுரையீரலைத் தாக்குகிற கிருமியை டன் கணக்கில் வளர்க்க யார் ஒப்புக்கொள்வார்கள்?

கடைசியாக, விலைப்பட்டியலில் இருக்கும் யூனிட். கிராமுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு கம்பெனி எழுதியதையும் இன்னொரு கம்பெனி எழுதியதையும் நேராக ஒப்பிடாதீர்கள், அளந்த முறையே வேறாக இருக்கும். ஒரே முறையில் அளந்திருந்தாலும் அந்த அளவு உங்கள் தொட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ஃபைட்டேஸின் யூனிட்டை வரையறுத்திருப்பது பி.எச். 5.5, 37 டிகிரியில், மேலே சொன்ன இரைப்பையின் புளிப்பில் அல்ல. அதனால் காகிதத்தில் சமமாகத் தெரிகிற பூஞ்சை ஃபைட்டேஸும் ஈ.கோலை ஃபைட்டேஸும் பன்றியின் வயிற்றில் சமமாக இருப்பதில்லை. இரண்டு கம்பெனியிடமும் சின்ன மாதிரி கேளுங்கள், உங்கள் குழம்பையே, உங்கள் பி.எச்., உங்கள் சூட்டிலேயே, நீங்கள் நிஜமாக வைத்திருக்கும் நேரத்துக்கு ஓடவிட்டு, கிடைத்த பொருளுக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வார வேலைதான்.